நாலே எழுத்து, பாம்புக்கு மட்டும் ஏன் கால் இல்லை?

கேள்வி இதுதான்: "எல்லா உயிர்களின் டிஎன்ஏவிலும் அதே நான்கு வேதிப்பொருள்கள்தான் என்று படித்தேன். அப்படியானால் பாக்டீரியா, ஆலமரம், திமிங்கலம், மனிதன் என்று இவ்வளவு வேறுபாடு எங்கிருந்து வருகிறது?"

டிஎன்ஏவை வெறும் கண்ணால் பார்த்திருக்கிறீர்களா? செல்களைச் சோப்புக் கரைசலில் உடைத்து, உப்புச் சேர்த்து, அதன்மேல் குளிர்ந்த ஆல்கஹாலை மெதுவாக ஊற்றினால், இரண்டும் சந்திக்கும் இடத்தில் வெள்ளையாக ஓர் இழை திரண்டு வரும். கண்ணாடிக் குச்சியில் சுற்றி எடுத்துவிடலாம். பார்ப்பதற்கு மூக்குச்சளி மாதிரி இருக்கும். மாணவனாக அதை முதன்முதலில் சுற்றி எடுத்த நாளில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். வெங்காயத்திலிருந்து எடுத்தது ஒரு குழாயில், கன்றுக்குட்டியின் உறுப்பிலிருந்து எடுத்தது இன்னொரு குழாயில். எது எது என்று மேலே ஒட்டியிருந்த சீட்டைப் படித்துத்தான் சொல்ல முடிந்தது.

ஆக, உங்கள் குழப்பம் நியாயமானது. பொருளில் வித்தியாசமே இல்லை. வித்தியாசம் வேறெங்கோ இருக்கிறது.

வழக்கமாக இதற்குச் சொல்லப்படும் பதில் ஒரு கணக்கு. அடினின், தைமின், குவானின், சைட்டோசின், சுருக்கமாக ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளைச் செல் மும்மூன்றாகச் சேர்த்துப் படிக்கிறது. நான்கு எழுத்தை மூன்று இடங்களில் நிரப்ப 64 வழிகள் உண்டு. அவற்றில் 61, ஏதாவதோர் அமினோ அமிலத்தைக் குறிக்கும். மீதி மூன்றும் 'இத்தோடு நிறுத்து' என்ற குறிகள். அமினோ அமிலங்கள் 20தான் என்பதால், ஒரே அமிலத்துக்குப் பல குறிகள் இருக்கும். அமினோ அமிலங்களை மணிபோலக் கோத்தால் புரதம். நம் உடம்பில் வேலை செய்கிற பெரும்பாலானவை புரதங்களே. எந்த மூன்றெழுத்து எந்த அமிலம் என்ற அகராதியை 1960களில் படித்தெடுத்தார்கள். அதில் ஹர் கோவிந்த் குரானாவின் பங்கு பெரிது. நிரன்பர்க், ஹாலி இருவரோடும் சேர்த்து அவருக்கு 1968இல் நோபல் பரிசு கிடைத்தது.

100 மணிகள் கொண்ட ஒரு குட்டிப் புரதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இடத்திலும் 20 தேர்வுகள் என்றால் மொத்த வழிகளை எழுத 1 போட்டு 130 சைபர் போட வேண்டும். கண்ணுக்கெட்டிய பிரபஞ்சம் முழுவதிலும் உள்ள அணுக்களுக்கே ஏறத்தாழ 80 சைபர் போதும்.

கணக்கு சரி. ஆனாலும் இந்தப் பதில் எனக்கு ஒருபோதும் திருப்தி தந்ததில்லை. வேறுபட இடம் இருக்கிறது என்று மட்டும்தான் அது சொல்கிறது. அந்த 130 சைபர் சங்கிலிகளில் ஆகப் பெரும்பாலானவை எந்த வேலைக்கும் உதவாத கட்டிகள். உயிர்கள் அந்தப் பெருங்கடலில் ஒரு சொட்டைக்கூடத் தொட்டுப் பார்த்ததில்லை. அகராதியோ ஏறக்குறைய எல்லா உயிருக்கும் ஒன்றேதான். மனித இன்சுலினுக்கான குறிப்பை 1978இல் பாக்டீரியாவுக்குள் வைத்தார்கள். அது தடுமாறாமல் படித்து மனித இன்சுலினைச் செய்தது. 1982 முதல் அது மருந்தாகவே வந்துவிட்டது. பாக்டீரியாவும் மனிதனும் ஒரே மொழியைப் படிக்கிறார்கள் என்றால், உங்கள் கேள்வி இன்னும் கெட்டியாகிறதே தவிர இளகவில்லை.

எழுத்து மாறினால் என்ன ஆகும் என்று முதலில் ஒரு சின்ன உதாரணம். நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினில் பீட்டா சங்கிலி என்று ஒன்று உண்டு, 146 அமினோ அமிலங்கள் நீளம். அதில் ஆறாவது இடத்துக்கான குறி ஜி-ஏ-ஜி. நடுவில் உள்ள ஏ, டியாக மாறிவிட்டால் குளுட்டாமிக் அமிலம் வரவேண்டிய இடத்தில் வேலின் வந்து உட்காரும். குளுட்டாமிக் அமிலம் தண்ணீரோடு ஒட்டும். வேலின் எண்ணெய்ச் சுபாவம், தண்ணீரை விட்டு விலகப் பார்க்கும். ஆக்சிஜனை இறக்கி வைத்த ஹீமோகுளோபினில் இந்த வேலின், பக்கத்து ஹீமோகுளோபினில் உள்ள ஒரு குழியில் போய்ப் பொருந்திக்கொள்கிறது. அது அடுத்ததோடு, அடுத்தது அதற்கடுத்ததோடு என்று நீளமான நார்கள் உருவாகி, வட்டமான சிவப்பணுவை உள்ளிருந்து இழுத்து அரிவாள் மாதிரி வளைத்துவிடும். வளைந்த அணுக்கள் நுண்குழாய்களில் சிக்கி வலியும் ரத்தசோகையும் வரும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் இந்த மாற்றம் வந்தால்தான் இந்தக் கொடுமை. ஒருவரிடமிருந்து மட்டும் வந்தவர் பெரும்பாலும் நலமாக இருப்பார். கூடவே, கடும் மலேரியாவிலிருந்து அவருக்கு நல்ல பாதுகாப்பும் உண்டு. மலேரியா மிகுந்த பகுதிகளில் இந்த மாற்றம் ஒழியாமல் தங்கியது அதனால்தான். ஓர் எழுத்து நல்லதா கெட்டதா என்பதை அந்த எழுத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

சரி, இப்படி ஒவ்வொரு புரதமாக எழுத்து மாறி மாறித்தான் எறும்பும் யானையும் வந்தனவா? ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தார்கள். சிக்கலான உயிருக்கு நிறைய மரபணு (ஒரு புரதத்துக்கான குறிப்பு எழுதப்பட்ட டிஎன்ஏ துண்டு) வேண்டும், மனிதனுக்கு ஒரு லட்சமாவது இருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். மனித மரபணுத் தொகுதியின் முதல் வரைவு 2001இல் வந்தபோது எண்ணிக்கை 30,000, 40,000 என்று இறங்கியது. இன்றைக்குப் புரதம் செய்யும் மரபணுக்கள் சுமார் 20,000 என்கிறோம். மண்ணில் வாழும் சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற ஒரு மில்லிமீட்டர் புழுவின் உடம்பில், இனப்பெருக்கச் செல்களைத் தவிர்த்தால், மொத்தமே 959 செல்கள். அதற்கும் ஏறக்குறைய 20,000 மரபணுக்கள்! நெல் நம்மைவிட அதிகம் வைத்திருக்கிறது. மரபணுவின் எண்ணிக்கை போகட்டும், டிஎன்ஏவின் நீளமாவது கைகொடுக்குமா என்றால் அதுவும் இல்லை. நமக்கு 310 கோடி எழுத்துகள். வெங்காயத்துக்கு நம்மைப்போல் ஐந்து மடங்கு. ஆஸ்திரேலிய நுரையீரல் மீனுக்கு 4,300 கோடி. எங்கள் துறையில் மனிதத் தற்பெருமைக்கு விழுந்த அடிகளில் எனக்குப் பிடித்தது இதுதான்.

எண்ணிக்கையிலும் இல்லை, நீளத்திலும் இல்லை. அப்புறம் எதில்?

உங்கள் உடம்பையே பாருங்கள். கண்ணில் உள்ள செல்லுக்கும் கல்லீரலில் உள்ள செல்லுக்கும் ஒரே டிஎன்ஏதான். கல்லீரல் செல் கண்ணின் மரபணுக்களைத் தொலைத்துவிடவில்லை. திறக்காமல் மூடி வைத்திருக்கிறது. எந்த மரபணு எங்கே, எப்போது, எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதைத் தீர்மானிக்க டிஎன்ஏவிலேயே தனித் துண்டுகள் இருக்கின்றன. அவை புரதம் செய்வதில்லை. சுவிட்ச் மாதிரி இயங்குகின்றன. பாக்டீரியா லாக்டோஸ் சர்க்கரை கிடைக்கும்போது மட்டும் அதைச் செரிக்கும் நொதிகளைச் செய்வது எப்படி என்று ஆராய்ந்த ழாக்கோபும் மொனோவும் 1961இல் இந்த ஏற்பாட்டை விளக்கினார்கள். 1975இல் மேரி-கிளேர் கிங்கும் ஆலன் வில்சனும் மனிதனின் புரதங்களையும் சிம்பன்சியின் புரதங்களையும் ஒப்பிட்டுவிட்டு, இவ்வளவு ஒத்துப்போகும் புரதங்களை வைத்து இந்த இரண்டு உடல்களின் வேறுபாட்டை விளக்க முடியாது, வித்தியாசம் மரபணுக்களை இயக்கும் விதத்தில்தான் இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். நேரடியாகப் பார்க்க வழியில்லாத காலத்தில் சொன்ன யூகம் அது. பிறகு பார்த்தார்கள். அதில் பாம்பின் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்று ஒரு மரபணு. ஆமாம், வீடியோ கேம் முள்ளெலியின் பெயரேதான். பழ ஈயில் இதன் உறவுக்கார மரபணு கெட்டால் புழு முள்ளுமுள்ளாக ஆகும் என்பதால் அதற்கு முள்ளெலி என்று பெயர் வைத்திருந்தார்கள். முதுகெலும்பிகளில் கண்டுபிடித்தபோது விளையாட்டுப்புத்தி எட்டிப் பார்த்துவிட்டது. இந்த மரபணு செய்யும் புரதம் கருவில் மூளை, தண்டுவடம், குடல், கைகால் என்று பல இடங்களில் வேலை பார்க்கிறது. கை முளைக்கும்போது ஒரு சின்ன மொட்டுப் போலத்தான் தொடங்கும். அந்த மொட்டில், பின்னால் சுண்டுவிரல் வரப்போகும் ஓரத்தில் மட்டும் இந்த மரபணு திறக்கப்படும். புரதம் அங்கே ஊறி மொட்டுக்குள் பரவும். அது அடர்த்தியாக உள்ள பக்கம் சுண்டுவிரல், எட்டாத பக்கம் கட்டைவிரல். விரல் ஐந்து என்று டிஎன்ஏவில் எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை என்பதை இங்கே கவனியுங்கள். எங்கே ஊற வேண்டும், எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்பதுதான் எழுதப்பட்டிருக்கிறது. டிஎன்ஏவை வீட்டு வரைபடம் என்று சொல்வது எனக்குப் பிடிக்காததற்கு இது ஒரு காரணம். வரைபடத்தில் ஜன்னல்களை எண்ணலாம், டிஎன்ஏவில் விரல்களை எண்ண முடியாது.

அந்த ஓரத்தில் மரபணுவைத் திறக்கும் சுவிட்ச், சுமார் 800 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு. மரபணுவுக்குப் பக்கத்தில்கூட அது இல்லை. நம்மில் ஏறத்தாழ பத்து லட்சம் எழுத்து தள்ளி, சம்பந்தமே இல்லாத இன்னொரு மரபணுவின் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. டிஎன்ஏ இழை மடங்கி இரண்டையும் ஒன்றுக்கொன்று அருகே கொண்டுவரும்போது வேலை நடக்கிறது. இந்தத் துண்டில் சில இடங்களில் ஓர் எழுத்து மாறினால், மொட்டின் தப்பான ஓரத்திலும் மரபணு திறந்துகொள்ளும்; மனிதனுக்கும் பூனைக்கும் எலிக்கும் கூடுதல் விரல் முளைப்பதற்கு இது ஒரு காரணம்.

எலியில் இந்தத் துண்டை அடியோடு நீக்கினால் கைகால்கள் முழங்கைக்கும் முழங்காலுக்கும் கீழே உருவாவதில்லை. மூளை, தண்டுவடம் எல்லாம் ஒழுங்காகவே இருக்கும். அதே மரபணுவையே கெடுத்துப் பாருங்கள், கருவின் மூளை இரண்டு பாதியாகப் பிரியாது, முகத்தின் நடுவில் ஒற்றைக் கண்தான் வரும், குட்டி பிழைக்காது. ஒரு வேலைக்கு ஒரு சுவிட்ச் என்று தனித்தனியாக இருப்பதால்தான், மற்ற எதையும் தொடாமல் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க முடிகிறது. என்னைக் கேட்டால், உயிர்களின் உருவம் இவ்வளவு தாராளமாக மாற முடிந்ததற்கு இந்த ஏற்பாடுதான் முக்கியமான காரணம்.

இனி பாம்பு. பாம்பிடமும் சோனிக் ஹெட்ஜ்ஹாக் மரபணு நன்றாகவே இருக்கிறது. அதற்கும் மூளை வேண்டுமே. கால் மொட்டுக்கான அந்தச் சுவிட்சில்தான் பழுது. 2016இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வுக் குழு, எலியின் சுவிட்சை எடுத்துவிட்டு மற்ற விலங்குகளின் சுவிட்சை அதே இடத்தில் பொருத்திப் பார்த்தது. மனிதனுடையதைப் பொருத்தினார்கள், எலிக்குக் கால் சரியாக வந்தது. மீனுடையதைப் பொருத்தினார்கள், அப்போதும் எலியின் கால்தான், துடுப்பு இல்லை. பாம்பினுடையதைப் பொருத்தியபோது காலுக்குப் பதில் சின்ன முண்டுகள். பாம்புகளின் சுவிட்சை மற்றவற்றோடு வரிசையாக வைத்துப் பார்த்தால் 17 எழுத்துகள் விடுபட்டிருந்தன. மலைப்பாம்பின் சுவிட்சில் அந்த 17ஐ மட்டும் மீண்டும் சேர்த்து எலியில் வைத்தார்கள். கால் முழுசாக வந்தது. 310 கோடி, 4,300 கோடி என்று பேசிக்கொண்டிருந்தோம். இங்கே பேச்சு 17 எழுத்தைப் பற்றி. (17 எழுத்து தொலைந்த மறுநாளே பாம்பு கால் இழந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கால் இல்லாத வாழ்க்கைக்கு வேறு பல மாற்றங்களும் தேவைப்பட்டன. மலைப்பாம்புக்கு இன்றும் கழிவுத்துளையின் இருபுறமும் சின்ன நகம்போல் பின்னங்காலின் மிச்சம் துருத்திக்கொண்டிருக்கும்.)

பல விலங்குகள் பொதுவாக வைத்திருக்கும் இந்த மரபணுக்கள் எவ்வளவு பழையவை என்பதற்கு இன்னொரு சோதனை. கண் உருவாக்கத்தைத் தொடங்கி வைக்கும் பாக்ஸ்-6 என்ற மரபணு எலிக்கும் உண்டு, பழ ஈக்கும் உண்டு. 1995இல் வால்டர் கேரிங்கின் ஆய்வகத்தில் எலியின் மரபணுவை ஈயின் காலில் திறந்துவிட்டார்கள். காலில் கண் முளைத்தது. எலிக்கண் இல்லை, ஈயின் கண், சின்னச் சின்னக் கண்ணறைகளாலான கூட்டுக்கண். எலியின் மரபணு 'இங்கே கண்' என்று மட்டும் சொல்ல, எந்த மாதிரிக் கண் என்பதை ஈயின் மற்ற மரபணுக்கள் பார்த்துக்கொண்டன.

புது மரபணுக்கள் வருவதே இல்லையா என்றால், வருகின்றன. ஆனால் சூனியத்திலிருந்து வருவது அபூர்வம். பெரும்பாலும் இருக்கிற ஒன்று தவறுதலாக இரண்டு பிரதியாகிவிடும். ஒரு பிரதி பழைய வேலையைப் பார்த்துக்கொள்ளும், மற்றதற்குக் கட்டுப்பாடு தளர்ந்துவிடும், அது மாறித் திரியலாம். நாம் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவது இந்த வகையில் கிடைத்ததுதான். பெரும்பாலான பாலூட்டிகளுக்கு நிறம் உணரும் புரதங்கள் இரண்டு வகை. நம் மூதாதைக் குரங்குகளில், சுமார் 3 முதல் 4 கோடி ஆண்டுகளுக்கு முன், எக்ஸ் குரோமோசோமில் இருந்த ஒரு மரபணு இரட்டிப்பானது. இன்று சிவப்புக்கான புரதமும் பச்சைக்கான புரதமும் 364 அமினோ அமிலங்களில் சுமார் 15 இடங்களில் மட்டும்தான் வேறுபடுகின்றன. இரண்டு மரபணுவும் அடுத்தடுத்து, கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருப்பதால், முட்டை உருவாகும்போது குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்கையில் ஒன்றுக்கு எதிரே மற்றது தவறாக வந்து நின்றுவிடும்; ஒரு பக்கம் மூன்றும் மறுபக்கம் ஒன்றுமாகப் பிரியும். ஒன்றே ஒன்று கிடைத்த ஆண் குழந்தைக்குச் சிவப்பும் பச்சையும் குழம்பும். ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், ஈடுகட்ட இன்னொன்று இல்லை. எந்தத் தவறு மூன்றாவது நிறத்தைக் கொடுத்ததோ, அதே தவறு சிலரிடமிருந்து அதைத் திருப்பி வாங்கிக்கொள்கிறது.

ஒரு மரபணு ஒரே ஒரு புரதத்தோடு நிற்பதும் இல்லை. மரபணுவின் எழுத்துகள் தொடர்ச்சியாக இல்லாமல் நடுநடுவே வெட்டி எறியப்படும் பகுதிகளோடு இருக்கின்றன என்று 1977இல் தெரிந்தது. வெட்டி ஒட்டும்போது எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று மாற்றிக்கொள்ளலாம். பழ ஈயின் டிஸ்கேம் என்ற மரபணுவில் நான்கு இடங்களில் முறையே 12, 48, 33, 2 தேர்வுகள் இருக்கின்றன. பெருக்கிப் பாருங்கள், 38,016. அந்த ஈயின் மொத்த மரபணுக்களே சுமார் 14,000தான். ஒவ்வொரு நரம்புச் செல்லும் இந்த வடிவங்களில் சிலவற்றை அணிந்துகொண்டு, தன் கிளையையும் அடுத்தவர் கிளையையும் பிரித்தறிகிறது.

வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டதும் உண்டு. நம் டிஎன்ஏவில் சுமார் 8 சதவீதம் பழைய ரெட்ரோவைரஸ்களின், அதாவது தொற்றிய செல்லின் டிஎன்ஏவுக்குள் தன் குறிப்பைச் செருகிவிடும் வைரஸ்களின், மிச்சம். அதில் ஒரு வைரஸ், செல்லோடு ஒட்டி உள்ளே நுழையப் பயன்படுத்திய புரதத்தை நம் வம்சம் வைத்துக்கொண்டது. நஞ்சுக்கொடியில் செல்களை ஒன்றோடொன்று இணைத்து, தாய்க்கும் கருவுக்கும் நடுவே ஒரே தொடர்ச்சியான படலமாக ஆக்குவது இப்போது அந்தப் புரதத்தின் வேலை. வேறு பாலூட்டி வம்சங்கள் சில வேறு வைரஸ்களிடமிருந்து இதே மாதிரிப் புரதத்தைத் தனித்தனியே பெற்றிருக்கின்றன.

ஓர் இனத்துக்குள்ளேயே ஆளுக்கு ஆள் ஏன் வேறு என்று கேட்டால், அது சீட்டுக் குலுக்கல். 23 ஜோடிக் குரோமோசோம்களில் ஜோடிக்கு ஒன்று எடுத்தால் 83,88,608 விதம். தாய் பக்கமும் தந்தை பக்கமும் சேர்த்தால் ஒரு தம்பதிக்கு ஏறக்குறைய 70 லட்சம் கோடி விதமான குழந்தைகள் சாத்தியம், துண்டு மாற்றிக்கொள்வதைக் கணக்கில் சேர்க்காமலே. இதோடு, பெற்றோர் இருவரிடமும் இல்லாத புது எழுத்து மாற்றங்கள் சுமார் 60, 70 ஒவ்வொரு குழந்தையிலும் இருக்கும். உங்களிடமும் இருக்கின்றன. பெரும்பாலானவை எதுவும் செய்யாது.

இந்த மாற்றங்கள் எதுவும் தேவையைப் பார்த்து வருவதில்லை. முள்முதுகு மீன்கள் கடலிலிருந்து பனிக்காலத்துக்குப் பிந்தைய ஏரிகளில் புகுந்து சுமார் 10,000 ஆண்டுகள் ஆகின்றன. பல ஏரிகளில் அவை வயிற்றடி முள்ளைத் தொலைத்துவிட்டன. வெவ்வேறு ஏரிகளில், ஒன்றுக்கொன்று தெரியாமல், பிட்எக்ஸ்-1 என்ற மரபணுவின் அதே சுவிட்ச் அறுந்துபோயிருக்கிறது. சுவிட்ச் அறுவது தற்செயல், கடலிலும் அறுந்திருக்கும். அங்கே முள் இல்லாத மீனை வேட்டை மீன்கள் தின்றுவிடும். ஏரியில் அந்த ஆபத்து குறைந்ததும் அறுந்தவை பிழைத்தன, பெருகின.

கடைசியாக, இதையும் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன்: நான்குக்குப் பதில் ஆறு எழுத்து இருந்தால் இன்னும் விதவிதமான உயிர்கள் வருமா? செய்து பார்த்துவிட்டார்கள். 2014இல் ஃபிலாய்ட் ரோம்ஸ்பெர்க்கின் குழு, ஆய்வகத்தில் தயாரித்த ஒரு புது எழுத்து ஜோடியை ஈ.கோலை பாக்டீரியாவின் டிஎன்ஏ வளையம் ஒன்றில் சேர்த்தது. பாக்டீரியா பிரியும்போது புது எழுத்துகளையும் சேர்த்தே நகலெடுத்தது. ஆனாலும் அது பார்ப்பதற்கும் பழகுவதற்கும் பழைய ஈ.கோலையாகவே இருந்தது. புது எழுத்துகளைச் செய்துகொள்ள அதற்குத் தெரியாது, வெளியிலிருந்து ஊட்ட வேண்டும். ஊட்டுவதை நிறுத்தினால் சில நாட்களில் அந்த இடங்களில் பழைய நாலெழுத்தே வந்து உட்கார்ந்துகொண்டது.